ஒன்பது செருப்பும் ஒரு கையுறையும்

1992-ம் வருஷம் மூணாம் மாசம், நண்டு கிலோ பதினஞ்சாயிரம் டோங்குக்குப் போன ஒரு வியாழக்கிழமை காலையில, எட்டு லாமோட பொண்ணு தியெப் அந்தரத்துல உக்காந்தபடி சந்தைக்குப் போனா. அவளைத் தூக்கிட்டுப் போனது அவளோட அண்ணன் அக்கா அஞ்சு பேரு. அந்த அஞ்சு பேருமே பொறக்காதவங்க. சந்தையில அவ ஒரு கட்டு தண்ணிக்கீரையும் கால் கிலோ கருவாடும் வாங்கிட்டு, போன மாதிரியே திரும்பி வந்தா. கருவாடு ஈரமா இருக்குன்னு அவ அம்மா மியேன் குறை சொன்னது கால்வாய்க்கரையில இன்னும் சிலருக்கு ஞாபகம் இருக்கு.

எங்க கா மாவ் பக்கத்துல மூத்த புள்ளையை ஒண்ணுன்னு யாரும் கூப்பிடறதில்ல. ரெண்டுன்னுதான் ஆரம்பிப்பாங்க. தலைச்சனைத் தேடி வர்ற கெட்டது, 'ஒண்ணு' யாருன்னு பாத்துட்டு, அப்படி ஒருத்தரும் இல்லன்னு ஏமாந்து போயிடணும், அதுக்காக. லாம் அவங்க வீட்டுக்கு ஏழாவது புள்ளை, அதனால எட்டு லாம். தடம் பாக்கறதுல அவரை மிஞ்சின ஆள் கிடையாது. அமெரிக்காக்காரனோட சண்டை நடந்த காலத்துல அலையாத்திக் காட்டுக்குள்ள அவருக்குக் குடுத்த வேலையே அதுதான். சேத்துல ஒரு காலடியைப் பாத்தார்னா போனது எத்தனை பேரு, யாரு மூட்டை தூக்கியிருக்கான், யாரு நொண்டுறான், யாரு பயந்து போயிருக்கான்னு சொல்லிடுவாரு. ஒரு தடவை எதிராளி ஒருத்தனுக்குப் பல்வலின்னு கூடச் சொன்னாராம். பிடிச்சுப் பாத்தா கன்னம் வீங்கித்தான் இருந்திருக்கு.

1968-ல அவருக்கு இருபது வயசு. ஒரு காலையில விமானம் மூணு ரொம்பத் தாழ வந்து, காட்டு மேல பனி மாதிரி எதையோ தெளிச்சுட்டுப் போச்சு. பழுத்த கொய்யா வாசனை அடிச்சுது. ஈரத்துணியை மூக்குல வச்சுக்கச் சொன்னாங்க, வச்சுக்கிட்டாங்க. ரெண்டாம் நாள் இலை சுருண்டுச்சு, மூணு வாரத்துல கண்ணுக்கு எட்டின வரைக்கும் மரமெல்லாம் கறுத்த குச்சியா நின்னுச்சு. மீன் தானா மேல வந்து மிதந்துச்சு, நண்டு கரையேறி வந்து படுத்துக்கிச்சு. வலை போடாமலே சாப்பாடுன்னு லாமோட படையில இருந்த முப்பது பேரும் சிரிச்சாங்க. லாம்தான் அள்ளிட்டு வந்து, தொட்டியில கெடந்த மழைத்தண்ணியில வேக வச்சுக் குடுத்தாரு. அந்த முப்பது பேருல சண்டை முடிஞ்சு வீடு திரும்பினது நாலு பேரு.

1976-ல மியேனைக் கட்டிக்கிட்டாரு. அவங்களும் அதே காட்டுல துப்பாக்கி தூக்கினவங்கதான். அப்ப ஊரே சேத்துல எறங்கி அலையாத்தி விதையை ஒவ்வொண்ணா குத்தி நட்டுக்கிட்டு இருந்துச்சு. மியேன் ஒரு நாளைக்கு ஆயிரம் விதை நடுவாங்க, நாக்கும் நிக்காது. அவங்களுக்கு உண்டான முதல் குழந்தை நாலாம் மாசம் போயிடுச்சு. அடுத்தது அஞ்சாம் மாசம். மூணாவது எட்டு மாசம் வரைக்கும் இருந்துட்டு, பொறந்து கண்ணைத் தெறக்காமலே போச்சு. நாலாவது, அஞ்சாவது பத்தி மியேன் யாருகிட்டயும் பேசினதில்ல. எல்லாரையும் வீட்டுக்குப் பின்னால நீர்த்தென்னைப் புதர்ல கொண்டு போய்ப் பொதைச்சாங்க. பேரு வைக்கல. ஆனா வரிசை மட்டும் விட்டுக் குடுக்கல. ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறுன்னு ஒவ்வொருத்தருக்கும் எண் இருந்துச்சு. 1985-ல தியெப் பொறந்தா. அவளை மியேன் எழுத்தர்கிட்ட பதியப் போனப்ப நடந்தது இது.

"முதல் குழந்தையா?"

"ஆறாவது."

"மத்த அஞ்சும் எங்க?"

"வரல."

"வராததை எப்படிம்மா எழுதறது?"

"உங்களை எழுதச் சொல்லல. நீங்க கேட்டீங்க, சொன்னேன்."

எழுத்தர் அந்த அஞ்சைப் பத்தி ஒண்ணும் எழுதல. பேரு தியெப், கூப்பிடறது ஏழுன்னு ஆயிடுச்சு.

ஏழுவுக்கு இடுப்புக்குக் கீழ எதுவும் சொன்ன பேச்சு கேக்காது. கால் ரெண்டும் ஈர்க்குச்சி மாதிரி மெலிசு. மண்டை மட்டும் படு கூர்மை. ஏழு வயசு வரைக்கும் மியேன் இடுப்புலதான் உக்காந்து ஊர் சுத்தினா. அப்புறம் மியேன் படகுத்துறையில வழுக்கி விழுந்து முதுகு போச்சு. லாம் விடிஞ்சா இறால் குளத்துக்குப் போயிடுவாரு. பொண்ணு சந்தைக்குப் போகணும்னு மூணு நாளா அடம். நாலாம் நாள் மியேன் வலியில கத்திட்டாங்க. "என் இடுப்பு ஒடிஞ்சு கெடக்குது, உனக்குச் சந்தை கேக்குதா? உனக்கு மேல அஞ்சு பேரு சும்மாதானே கெடக்குதுங்க? அதுங்களைக் கூப்பிடுடி, தூக்கிட்டுப் போகட்டும்!"

பொண்ணு கூப்பிட்டா. மரியாதையாத்தான் கூப்பிட்டா. "அண்ணே, அக்கா, சந்தைக்குப் போகணும்."

பாயில இருந்து அவ மேல எழும்பி, கொஞ்சம் ஆடி, அப்புறம் அந்தரத்துல நேரா உக்காந்தா. மியேன் படுத்த வாக்குல பாத்துக்கிட்டே இருந்தாங்க. கடைசியா, "கருவாடு ஈரமா இருந்தா வேணாம்னு சொல்லு"ன்னாங்க.

லாம் மத்தியானம் திரும்பி வந்தப்ப அவருக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டி வரல. துறையில கால் வச்சதும் குனிஞ்சாரு, அப்படியே முட்டி போட்டு உக்காந்துட்டாரு. சேத்துல அஞ்சு பேரு வெறுங்காலோட போன தடம். பெரியவன் வலது குதிகாலை அழுத்தி நடக்கிறான், லாம் நடக்கிற மாதிரியே. பதினஞ்சு வயசு இருக்கலாம். மூணுன்னு எண் வச்சவ பொண்ணு, நுனிக்கால்ல போறவ, வழியில துறையோரத் துணிக்கடைப் பக்கம் ஒரு எட்டு ஒதுங்கிட்டு வந்திருக்கா. நாலுக்கு இடது பாதம் இல்ல, அந்த இடத்துல உள்ளங்கை ஊனி நடந்திருக்கான். அஞ்சுக்கு ஒரு கால்ல ஆறு விரல். ஆறுக்குப் பாதம் ரெண்டும் உள்பக்கம் திரும்பியிருக்கு. முழுசா யாருமே இல்ல. ஆனா அஞ்சு தடத்துலயும் பாரம் சமமா விழுந்திருந்துச்சு, ஒருத்தரும் தோளைக் கொடுக்காம ஏமாத்தல. லாம் பொழுது சாயற வரைக்கும் அங்கயே உக்காந்து படிச்சாரு. பதினஞ்சு வருஷம் கழிச்சு ஒரு தகப்பன் தன் புள்ளைங்களைப் பாக்கறாரு, யாரு போய் எழுப்புவாங்க.

ஊருக்குப் பழகறதுக்கு ரெண்டு வாரம் ஆச்சு. பள்ளிக்கூடத்துல வாத்தியார் பின்வரிசையில ஒரு பெஞ்சைக் காலியா விடச் சொன்னாரு. தோணிக்காரர் தோவான் மட்டும் கொஞ்ச நாள் முணுமுணுத்தாரு, ஏழு ஏறினா ஆறு பேரு பாரத்துக்குப் படகு தாழுதுன்னு. "மத்தவங்க அடுத்த தடவைக்கு நில்லுங்கப்பா, குடும்பத்தோட வந்திருக்கா"ன்னு கூட்டத்தைத் தள்ளி விடுவாரு. தியெப் வளந்து படகு எஞ்சின் ரிப்பேர் கத்துக்கிட்டா. எஞ்சினைத் தொங்க விட்டுட்டு, அதுக்குத் தோதான உயரத்துல அந்தரத்துல உக்காந்து வேலை பாப்பா. கேக்காமலே ஸ்பேனர் கைக்கு வரும். அவ கை பட்ட எஞ்சின் ரெண்டு வருஷத்துக்குப் படுக்காதுன்னு நாம் கான் டவுன்லேர்ந்து கூடப் படகு வரும். யாராவது "பாவம்"னு ஆரம்பிச்சா, "என்ன பாவம், உங்களைத் தூக்க அஞ்சு பேரு இருக்காங்களா?"ன்னு கேப்பா.

2001-ல கால்வாயோரப் பாதைக்குச் சிமென்ட் போட வந்தாங்க. ஊரே சந்தோஷப்பட்டுச்சு. எட்டு லாம் மட்டும் நடுப்பாதையில நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு. ஊர்த் தலைவர் வந்து கெஞ்சினாரு. "எட்டு அண்ணே, மழைக்காலத்துல எல்லாரும் வழுக்கி விழறாங்க. உங்களுக்கு என்ன பிரச்சினை?"

"சிமென்ட்டுல காலடி விழாது."

"விழாட்டி என்ன?"

"என் புள்ளைங்க மொகத்தை நான் எதுல பாக்கறது?"

தலைவர் மண்வெட்டி புடிச்சவங்க பக்கம் திரும்பிக் கையைக் காட்டினாரு. இடது ஓரத்துல ரெண்டு அடி அகலத்துக்குச் சேத்தை அப்படியே விட்டுட்டுப் போட்டாங்க. இப்பவும் அப்படித்தான் இருக்கு. அதுல யாரும் கால் வைக்க மாட்டாங்க, நாய் கூட ஒதுங்கித்தான் போகும்.

2004-ல மாகாணத்துலேர்ந்து டாக்டருங்க ஒரு கூட்டமா வந்து, சண்டைக்குப் போனவங்க வீடு வீடா ஏறி எறங்கினாங்க. தியெப்பைப் பாத்துட்டு இளவயசு டாக்டர் ஒருத்தர், "இவங்களை யாரு தூக்கறது?"ன்னாரு. "அண்ணன் அக்காங்க"ன்னாங்க மியேன். கால் ரெண்டும் செயல்படவில்லை, குடும்பத்தினர் தூக்கிச் செல்கின்றனர்னு எழுதிக்கிட்டாரு. எழுதினதுல பொய் ஒண்ணும் இல்ல. அப்புறம் லாமைத் தனியா உக்கார வச்சு, அந்தக் கொய்யா வாசனை மருந்து உடம்புல தங்கற மருந்து, அது தகப்பன்லேர்ந்து புள்ளைக்கு வரலாம், போன அஞ்சும் அதனாலயா இருக்கலாம்னு பொறுமையா சொன்னாரு. லாமுக்கு அது தெரியாம இல்ல. ஆனா வாயைத் தெறந்து ஒருத்தர் சொல்லி இப்பத்தான் கேக்கறாரு. "நான்தான் நண்டு அள்ளிட்டு வந்தேன்"னாரு. டாக்டர் அவரு கையைப் புடிச்சுக்கிட்டு, "மருந்து அடிச்சது நீங்க இல்லீங்களே"ன்னாரு. அது நியாயமான பேச்சுதான். ஆனா அதுக்கப்புறம் லாமுக்குத் தடம் படிக்கிறதுல சந்தோஷம் போயிடுச்சு. அதுவரைக்கும் புள்ளைங்க வளர்றதைப் பாத்தவரு, இப்ப அவங்க களைச்சுப் போறதைப் பாத்தாரு. பெரியவன் குதிகாலை இழுத்து நடக்கிறான். நாலு கையை ஊனற இடத்துல சேறு ரொம்ப ஆழமா இருக்கு. தோவானும் ஒரு நாள் துடுப்பை நிறுத்திட்டு மெதுவா சொன்னாரு, "எட்டு அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பெரியவனுக்கு மூச்சு வாங்குது. படகு கூடச் சேந்து ஏறி எறங்குது."

பொறக்காத உயிருங்களுக்குக் கோயில்ல பூஜை பண்ணி, காகிதத்துணி எரிச்சு அனுப்பி வைக்கிறது எங்க வழக்கம். அப்பதான் அதுங்க அடுத்த பொறப்புக்கு வரிசையில போய் நிக்க முடியும். லாம் வீட்டுல அதைச் செய்யவே இல்ல. பொறப்பைத்தான் குடுக்க முடியல, முப்பது வருஷமா வரிசையிலயும் நிக்க விடாம பொண்ணுக்குக் கூலியாளா வச்சிருக்கோமேன்னு அவருக்கு ராத்திரி பகலா குடைய ஆரம்பிச்சுது. 2008-ல, ஏழாம் மாசம் பௌர்ணமிக்குப் பத்து நாள் முன்னால, வீட்டுல சொல்லாம கோயிலுக்குப் போயிட்டாரு. பிக்குணியம்மா பேரு வேணும்னாங்க, எண்ணைச் சொல்லி மந்திரம் சொல்ல முடியாதாம். அங்கயே உக்காந்து அஞ்சு பேரு வச்சாரு. மூணுக்கு லுவான்னு வச்சாரு, பட்டுன்னு அர்த்தம். அப்புறம் தினமும் விடிகாலையில பொண்ணு பட்டறைக்குப் போன பின்னாடி, ஓலை ஈர்க்கால ஒவ்வொரு தடத்தையும் அளந்து எடுத்துக்கிட்டு, காகிதச் சாமான் செய்யற கடைக்குப் போனாரு.

"ஒன்பது செருப்பு, ஒரு கையுறையா? செத்தவங்க எத்தனை பேருண்ணே?"

"அஞ்சு. செத்தவங்க இல்ல, பொறக்காதவங்க."

"அப்ப அளவு எப்படித் தெரியும்?"

"சேத்துல பாத்தேன்."

"சரிதான். இந்த ஒண்ணு ஏன் அகலம்?"

"அவளுக்கு ஆறு விரலு."

"கலரு?"

கலரு பத்தி லாம் யோசிக்கவே இல்ல. நாளைக்குச் சொல்றேன்னு வந்துட்டாரு. அன்னைக்குச் சாயங்காலம் சட்டைப் பையில இருந்த ஈர்க்குக் கட்டை தியெப் பாத்துட்டா. அவ தடம் பாக்கறவரோட பொண்ணு, சொல்லித் தர வேண்டியதில்ல.

"இது யாரு கால்ப்பா?"

அவரு மறைக்கல. எல்லாத்தையும் சொன்னாரு. "அவங்க களைச்சுட்டாங்கம்மா. போகட்டும்."

"நானு?"

"உன்னை நான் தூக்கறேன்."

"நீங்களா! நாலு வீடு தாண்டறதுக்குள்ள உங்களைத் தூக்க நாலு பேரு வேணும்." சிரிச்சவ, சிரிப்பை நிறுத்தினா. கையில இருந்த கிரீஸைத் துடைச்சா, மறுபடியும் துடைச்சா. "அவங்களைக் கேட்டீங்களா?"

"எப்படிக் கேக்கறது? நீ கேட்டியா?"

"நிறைய தடவை. போறீங்களா, போறீங்களான்னு. பதில் சொல்ல மாட்டாங்க, தூக்கிக்கிட்டே இருப்பாங்க." கிரீஸ் துணியைக் கீழ வச்சுட்டு சொன்னா, "அனுப்பிடுங்கப்பா. இருக்கறதும் போறதும் அவங்க இஷ்டமா இருக்கணும்ல, வழி தெரியாம இருக்கக் கூடாது. மூணு அக்காவுக்கு மட்டும் செவப்புச் செருப்பா வாங்குங்க. துணிக்கடையில செவப்புக்கிட்டதான் நிப்பா."

மியேன்தான் ஆடித் தீத்துட்டாங்க. "பதினாறு வருஷம் தூக்குனதுங்களுக்குச் செருப்பை மாட்டி வாசலைக் காட்டறீரா? உம்மைச் சுட்ட அமெரிக்காக்காரன் ஏன்யா குறி தப்பினான்?" ரெண்டு நாள் லாம்கிட்டப் பேசல. பௌர்ணமி அன்னைக்குக் காலையில பாத்தா, அஞ்சு வாழையிலைப் பொட்டலம் கட்டி வச்சிருந்தாங்க. ஒட்டரிசிச் சோறும் வறுத்த நண்டும். "வழியில பசிக்கும்"னாங்க.

கோயில் முத்தத்துல முந்தின நாள் மழை பெஞ்சு நல்ல சேறு. பிக்குணியம்மா அஞ்சு பேரையும் ஒவ்வொண்ணா கூப்பிட்டாங்க. லாம் தன் கையாலயே செருப்பை நெருப்புல போட்டாரு, ஒன்பதையும், அப்புறம் கையுறையை. காகிதம் சுருண்டு சாம்பலானப்ப தியெப் கீழ எறங்க ஆரம்பிச்சா. விழல. தூங்கற குழந்தையைத் தோள்லேர்ந்து எறக்கி வைக்கிறப்ப அது முழிச்சுக்கக் கூடாதுன்னு பாப்பாங்களே, அவ்வளவு பதமா பாயில எறக்கி வச்சாங்க. அவ பாயைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தா. தரையிலேர்ந்து பாத்தா எல்லாரும் எவ்வளவு உயரம்னு சொன்னா. மியேன் போய்ப் பக்கத்துல ஒட்டி உக்காந்துக்கிட்டாங்க.

லாம் தடத்துக்குப் பின்னாடி போனாரு. முதல் தடவையா அவருக்கு முன்னால செருப்புப் போட்ட தடம் போகுது, ஒன்பது செருப்பு, ஒரு கையுறை. பாரம் இல்லாத தடம். பெரியவன் குதிகால் கூட லேசா விழுந்திருந்துச்சு. அஞ்சும் ஆறும் வழியில ஓடிப் பிடிச்சு விளையாடியிருக்காங்க, அந்த வயசுல. துறைக்கு வந்ததும் அஞ்சு பேரும் நின்னுட்டாங்க. ஒருத்தர் ஒரு சிகரெட்டைப் பத்த வச்சு முடிக்கிற நேரத்துக்கு நின்ன தடம் அது. ஒருத்தரை ஒருத்தர் பாத்த மாதிரி வட்டமா. லாமுக்கு அங்க கண்ணு மறைச்சுது, துடைச்சுட்டு மறுபடியும் படிச்சாரு. நாலு தடம் கோயில் பக்கம் திரும்பியிருந்துச்சு. யாரும் தள்ளல, யாரும் இழுக்கல. குதிகால் நல்லா அழுந்தித்தான் திரும்பியிருக்காங்க, முடிவு பண்ணினவங்க திரும்பற மாதிரி. ஒண்ணு மட்டும் திரும்பல. நுனிக்கால்ல நடந்து நேரா தோணித்துறைப் பலகைக்குப் போயிருந்துச்சு.

தோவான் அப்பதான் அக்கரையிலேர்ந்து திரும்பி வந்து கயித்தைக் கட்டிக்கிட்டு இருந்தாரு. "ஒரு ஆள் ஏறின மாதிரி இருந்துச்சுண்ணே. நம்ம புள்ளைதான்னு தெரிஞ்சுது, வேற யாரையும் ஏத்தல. தனியா கொண்டு போய் விட்டேன்."

"அழுதாளா?"

"படகு ஆடவே இல்ல. எறங்கினதும் ஓடிட்டா."

லாம் அக்கரையைப் பாத்தாரு. போய்ப் படிக்கணும்னு கால் ஒரு தடவை எழும்புச்சு. அப்புறம் வேணாம்னு திரும்பிட்டாரு. அது அவ போற தடம்.

கோயிலுக்கு வந்தப்ப தியெப் மறுபடியும் அந்தரத்துல இருந்தா. ஆனா நேரா இல்ல, இடது பக்கம் ஒரு சாய்வா. அவ கண்ணும் மூக்கும் செவந்திருந்துச்சு. "மூணு அக்கா போயிட்டாதானே?"

"போயிட்டாம்மா. செவப்புச் செருப்போட."

"பொட்டலத்தை எடுத்துட்டுப் போனாளா?"ன்னு மியேன் கூடையைக் கொட்டிப் பாத்தாங்க. நாலுதான் இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் அவங்களுக்கு அழுகை வந்துச்சு, அதுவும் ரொம்ப நேரம் இல்ல. பிக்குணியம்மா வழியைத் தெறந்து விடறதுதான் தன் வேலை, போறதும் நிக்கறதும் அவங்கவங்க பாடுன்னுட்டு மணியை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாங்க. நாலு பொட்டலத்தையும் இவங்க மூணு பேரும் படிக்கட்டுல உக்காந்து சாப்பிட்டாங்க. நண்டுல உப்பு கொஞ்சம் தூக்கல்.

இது நடந்து வருஷம் பல ஆச்சு. எட்டு லாமுக்கு எழுபது தாண்டிடுச்சு, குனிஞ்சு படிக்க இப்ப ஒரு குச்சி வேணும். பெரியவன் குதிகாலை இழுக்கறது நின்னுடுச்சுன்னு சொல்றாரு. போக வழி இருந்தும் நிக்கறவங்க நடை வேற மாதிரி இருக்குமாம். வருஷா வருஷம் ஏழாம் மாசம் அவரு நாலு பேரையும் கேக்கறாரு, செருப்பும் செஞ்சு வைக்கிறாரு. இதுவரைக்கும் யாரும் கிளம்பல. தியெப் பட்டறையில ரெண்டு பொண்ணுங்க வேலை கத்துக்குதுங்க. அவ இப்பவும் இடது பக்கம் சாஞ்சபடிதான் சந்தைக்குப் போறா, கூடையை அதுக்கேத்த மாதிரி வலது கையில மாத்திக்கிட்டா. வெளியூர்லேர்ந்து எஞ்சினோட வர்றவங்கதான் எப்பவாவது, அந்தப் பொண்ணு ஏன் ஒரு பக்கமா சாஞ்சு போகுதுன்னு கேப்பாங்க. தூக்கறதுல ஒருத்தி போயிட்டா, இப்ப நாலு பேருதான்னு ஊர்க்காரங்க சொல்வாங்க. அவங்களும் சரின்னு தலையாட்டிட்டு, எஞ்சின் என்னைக்குக் கிடைக்கும்னு கேப்பாங்க.